பாதி மைதானம்

கருவேலங்குடி,
20.03.2025

அன்புள்ள பேச்சிக்கு அம்மா எழுதுவது.

இந்தக் கடிதம் கோயம்புத்தூரில் உன் விடுதிக்கு வந்து சேரும்போது நீ புனேயில் இருப்பாய். திரும்பி வந்து பிரிக்கும்போது, போட்டியில் ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பது உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இப்போது அது தெரியாது. தெரியாத இடத்திலிருந்து எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படி.

போனில் பேசலாமே என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைப்பதுதான். உன் அப்பா, பெரியப்பா, பெரியம்மா, மாடு பார்க்க வந்தவர் வரைக்கும் எல்லோரும் ஒரு வார்த்தை சேர்த்துவிட்டுப் போவார்கள். கடிதம் என்றால் அந்தத் தொந்தரவு இல்லை. இந்த ஊர்த் தபாலாபீஸில் உட்கார்ந்திருப்பவள் நான். நானே முத்திரை குத்தி, நானே பையில் போட்டுக் கட்டி, திருச்சுழிக்கு அனுப்புகிறேன். நீ எழுதினாலும் என் கைக்குத்தான் முதலில் வரும். அதனால் எழுது.

நேற்று விடியலில் உன்னை எல்லைக்கல் தாண்டி நடத்திக் கூட்டிக்கொண்டு போய் முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பியதிலிருந்து எனக்கு எதுவும் நேராக ஓடவில்லை. அப்பா தோட்டத்திலிருந்து வந்து "பேச்சி எங்க?" என்றார். நான் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உடனே உனக்குப் போன் போட்டார். "நானாத்தான் கெளம்பிட்டேம்ப்பா, அம்மாவுக்குத் தெரியாது" என்று நீ சொன்னது வீடு முழுக்கக் கேட்டது. பொய் உன்னுடையது. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றது நான். இதில் யார் யாரைக் காப்பாற்றினோம் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

பங்குனிப் பொங்கலை இந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காக முன்னால் இழுத்துவிட்டார்கள். ஞாயிறன்று கூட்டத்தில் முடிவு செய்ததை அப்பா நம்மிடம் சொல்லவே இல்லை. மறைத்தார் என்று நான் நினைக்கவில்லை. நீ பொங்கலுக்கு இருக்க மாட்டாய் என்பது அவர் மனதில் ஏறியிருக்காது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொட்டுச் சத்தம் கேட்ட பிறகுதான் நம் இருவருக்கும் உறைத்தது. பெரியப்பா அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார். காப்புக் கட்டின ராத்திரி ஊருக்குள் படுத்தவர்கள் பொங்கல் முடிகிறவரை எல்லைக்கு வெளியே ஓர் இரவும் தங்கக் கூடாது. அந்த ராத்திரி நீ ஊருக்குள் படுத்துவிட்டாய்.

அதற்கு முன்னால் அப்பாவும் நீயும் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

"பந்து வெளாட்டுதானம்மா. அடுத்த வருசம் வெளாண்டுக்கிறலாம்."

"நான் வெளாடலப்பா. ரோபோதான் வெளாடுது."

"அது வெளாடுறதுக்கு நீ எதுக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவர் கேலியாகக் கேட்கவில்லை, பேச்சி. உண்மையாகவே கேட்டார்.

நான் சாமியை நம்பாதவள் இல்லை. செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டேன். புதன்கிழமை உன்னை எல்லை தாண்ட வைத்தேன். இரண்டையும் செய்தவள் நான்தான். இரண்டும் எப்படி ஒரே ஆளுக்குள் இருக்கின்றன என்று தெரியவில்லை.

ரோபோவுக்குச் சுற்றிக்கொண்டு போன என் பழைய சேலையைத் திருப்பித் தர வேண்டாம். ஆனால் நீ வேளைக்குச் சாப்பிட்டாயா என்பதை மட்டும் மறக்காமல் எழுது.

உன் அம்மா,
தங்கலட்சுமி


கோயம்புத்தூர்,
26.03.2025

அம்மா,

உன் கடிதம் தலையணை மேல் கிடந்தது. அறைத்தோழி கொண்டுவந்து வைத்திருக்கிறாள். எனக்குக் கடிதம் வருவதைப் பார்த்து இந்தத் தளத்துப் பெண்கள் எல்லோரும் யாரோ பையன் எழுதுகிறான் என்று நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். வேளைக்குச் சாப்பிட்டேன். ஒரே ஒரு நாள் தவிர.

தோற்றுவிட்டோம். அரையிறுதியில். என்னால்.

இதை நான் முறையாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உனக்குப் புரியாது, எனக்கும் புரியாது. எங்கள் ரோபோக்கள் முழங்கால் உயரம். ஆட்டம் ஆரம்பித்துவிட்டால் நாங்கள் யாரும் தொடக் கூடாது, ரிமோட்டும் கிடையாது. தலையில் இருக்கிற கேமராவால் பந்தைப் பார்த்து, தானே யோசித்து, தானே உதைக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒருவன் கால்களுக்குப் பொறுப்பு, ஒருத்தி பந்தைக் கண்டுபிடிப்பதற்குப் பொறுப்பு, மதன்குமார் எல்லாவற்றுக்கும் தலைவன். என் பொறுப்பு, ரோபோ தான் மைதானத்தில் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வது. அதற்கு இருக்கிற அடையாளம் தரையில் உள்ள வெள்ளைக் கோடுகளும் கோல் கம்பங்களும்தான். அதில் ஒரு சிக்கல். மைதானத்தின் இரண்டு பாதியும் அச்சு மாறாமல் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு பக்கக் கோல் கம்பமும் வெள்ளை. எது நம் பக்கம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் எங்கே நின்றோம், பிறகு எவ்வளவு நகர்ந்தோம் என்று நினைவு வைத்துக்கொண்டே வர வேண்டும். இடையில் ஒருமுறை விழுந்து எழுந்தால் அந்த நினைவு கலைந்துவிடலாம்.

நம் களத்தில் நாம் இருவரும் கோலமாவில் கோடு போட்டோமே, அதைத்தான் இப்போது நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கல்லூரியில் இருந்த மைதான விரிப்பைப் புனேக்கு அனுப்பச் சுருட்டிக் கட்டிவிட்டார்கள். களம் இருக்கிறதே என்று நான் ஊருக்கு வந்தேன். பச்சைத் தரைக்குப் பதிலாக சிமெண்டுத் தரை என்று ரோபோவுக்கு மாற்றிச் சொல்லிக் கொடுத்தேன். வேப்பங்கம்புக்கு நீ சுண்ணாம்பு பூசி நட்டாய். நீ இழுத்த கோடு ஒன்றாவது கோணவில்லை. ரோபோவை நான் தள்ளித் தள்ளி விழவைத்தேன். ஒவ்வொரு தடவையும் அது எழுந்து, கோடுகளைப் பார்த்து, சரியாகக் கம்பத்தை நோக்கி நடந்தது. நீ கைதட்டினாய். நான் மதன்குமாருக்கு "பக்காவா வேலை செய்யுது" என்று செய்தி அனுப்பினேன்.

களத்தில் பாதி மைதானத்துக்குத்தான் இடம் இருந்தது, அம்மா. மறுபாதி இருக்க வேண்டிய இடத்தில் வைக்கோல் படப்பு. ஒரே ஒரு கோல்தான் நட்டோம். ஒரே கோல் இருக்கும்போது அது எப்படித் தப்பாகப் போகும்? குழம்ப வழியே இல்லாத இடத்தில் வைத்து, குழம்பவில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

புனேயில் ஒன்றுக்கொன்று என்று சமமாக இருந்தோம். எங்கள் ரோபோ நடு வட்டத்தில் விழுந்தது. எழுந்தது. திரும்பியது. பந்தை அழகாக உருட்டிக்கொண்டு போய் எங்கள் கோலுக்குள்ளேயே அடித்தது. அதைவிட நல்ல உதை அது இதுவரை உதைத்ததில்லை. அடித்துவிட்டு, நாங்கள் சொல்லிக் கொடுத்தபடி இரண்டு கையையும் தூக்கிக் கொண்டாடியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் சாப்பிடவில்லை.

காரணம் பாதி மைதானம். எனக்கு அது தெரியும். படம் போட்டு விளக்க முடியும். ஆனால் ரயிலில் படுத்திருக்கும்போது வேறொன்று தோன்றியது. நான் எல்லை தாண்டி வந்தவள். நான் செய்த ரோபோ தன் எல்லை எது என்று தெரியாமல் போய்விட்டது. இதைக் குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மதன்குமார் என்னைப் பிறகு புரோகிராமில் ஒரு வரி எழுத விட மாட்டான். உன்னிடம் கேட்கிறேன். இதற்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமா?

பொங்கல் நல்லபடியாக முடிந்ததா? கோயிலில் முதல் பானை வழக்கம்போல நம்முடையதுதானே?

பேச்சி


கருவேலங்குடி,
31.03.2025

அன்புள்ள பேச்சிக்கு,

உன் கடிதத்தைத் தபாலாபீஸில் வைத்தே இரண்டு தடவை படித்தேன். சீனிச்சாமி அண்ணன் ஆதாரில் போன் நம்பர் மாற்ற வந்து, நான் தலை நிமிரவில்லை என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

நீ கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. சம்பந்தம் இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவள். சம்பந்தம் இல்லை என்று எழுதுவதில் எனக்குச் சிரமம் இருக்கக் கூடாது. ஆனால் பொங்கலன்று நம் கிணற்று மோட்டாரின் செப்புக்கம்பிக் காயில் கருகிவிட்டது. ஊரே அதைத்தான் பேசுகிறது. மோட்டார் காயில் வருஷா வருஷம் கருகுகிறது, பொங்கலுக்கு முன்னாலும் கருகியிருக்கிறது, பின்னாலும் கருகியிருக்கிறது. அதை நான் எல்லோரிடமும் சொன்னேன். சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அம்மன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

முதல் பானை நம்முடையது இல்லை. அதை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் மோட்டாரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். நீ போனது தெரிந்துவிட்டது. காப்புக் கட்டுகிற வீட்டுப் பிள்ளையே காப்பை மீறிவிட்டது, அந்த வீட்டு முதல் பானையை இந்த வருஷம் எப்படி ஏற்ற விடுவது என்று கேட்டார்கள். உன் பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். "புள்ள வந்து ஆத்தா முன்னால விழுந்து எந்திரிக்கட்டும். குத்தம் கழிஞ்சிரும்" என்றார்கள். அப்பா துண்டை மடித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "பச்சப் புள்ள, தெரியாமப் போயிருச்சு, என்னன்னு சொல்ல" என்றார். அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

பெண்கள் அரசமரத்தடியில் நின்றிருந்தோம். நாங்கள் அங்கே பேசுவதில்லை. ஆனால் என் குரல் எனக்கே கேட்டது.

"அது தெரியாமப் போகல. நான்தான் கூட்டிட்டுப் போயி பஸ்ஸுல ஏத்திவிட்டேன்."

ஒருவர், பெயர் வேண்டாம், "போஸ்ட்டாபீசுக்காரம்மா முத்திரை குத்தி அனுப்பிட்டாக போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்தது. முத்துலட்சுமி மதினி வீட்டுக்கு முதல் பானை போயிற்று. மதினி பானையை ஏற்றும்போது என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து உன் அப்பா என்னோடு பேசவில்லை. கோபமாகக் கத்தினால் பதில் சொல்லலாம். சோறு வைத்தால் சாப்பிடுகிறார். "போதும்" என்று கையால் காட்டுகிறார். நீ போனதை அவர் தாங்கிக்கொள்வார் என்று தோன்றுகிறது. நான் அனுப்பினேன் என்பதை, அதுவும் ஊர் முன்னால் கேட்டதை, எப்படி எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியவில்லை.

சேம்சைடு கோல் போட்டவள் நீ மட்டும் இல்லை என்று எழுதலாமா என்று பார்த்தேன். ஆனால் நான் அடித்தது எந்தக் கோலுக்குள் போயிற்று என்பதே எனக்குத் தெரியவில்லை.

தலைக்கு எண்ணெய் வை.

அம்மா


கோயம்புத்தூர்,
04.04.2025

அம்மா,

ஏன் சொன்னாய்?

உனக்காகத்தானே நான் பொய் சொன்னேன். எல்லோருக்கும் என் மேல்தான் கோபம், நான் இங்கே தூரத்தில் இருக்கிறேன், என்னை என்ன செய்ய முடியும்? அப்பாவும் நீயும் ஒரே வீட்டில் இருக்கிறவர்கள். நான் போட்ட பொய்யை நீ ஒரு வாரம்கூட வைத்துக்கொள்ளவில்லை. படித்ததும் உன் மேல் அப்படிக் கோபம் வந்தது. பிறகு, நீ அரசமரத்தடியிலிருந்து பேசியதை நினைத்துப் பார்த்தேன். கோபம் போகவில்லை. ஆனால் என்ன கோபம் என்று தெரியவில்லை.

இங்கேயும் நான் நேராக இல்லை. முந்தாநாள் ஆய்வகத்தில் எல்லோரும் இருக்கும்போது, நான் விலகிக்கொள்கிறேன், வேறு யாராவது இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மதன்குமார் பாலவனத்தத்துக்காரன், நம் பக்கத்துப் பேச்சுதான் பேசுவான்.

"ஒன்னாலதான் தோத்தோம்ல?"

"ஆமா."

"அப்ப ஒனக்குத்தான் அது எங்க தப்புச்சுன்னு தெரியும். சரி பண்ணிட்டுப் போ. வேற எவனையாச்சும் விட்டா முதல்ல இருந்து தப்பு பண்ணுவான்."

ஆறுதல் சொல்கிறானா திட்டுகிறானா என்று கேட்டேன். "ரெண்டுக்கும் நேரமில்ல தாயி" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் தேடப் போய்விட்டான்.

நான் முடிவு செய்துவிட்டேன். வருகிற வாரம் ஊருக்கு வந்து அம்மன் முன்னால் விழுந்து எழுந்துவிடுகிறேன். என்ன குறைந்துபோகும்? அப்பாவின் தலை நிமிரும். நீயும் அவரும் பேசிக்கொள்வீர்கள். நம்பிக்கை இருந்து விழுகிறேனா, இல்லாமல் விழுகிறேனா என்று அம்மன் கேட்கப்போகிறாளா? ஊர் கேட்காது. நீ கேட்பாய் என்பதுதான் பயமாக இருக்கிறது.

வரட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தையில் எழுது.

பேச்சி


கருவேலங்குடி,
11.04.2025

அன்புள்ள பேச்சிக்கு,

ஒரு வார்த்தையில் எழுத முயன்றேன். "வா" என்று எழுதிக் கிழித்தேன். "வேண்டாம்" என்று எழுதிக் கிழித்தேன். அரசாங்கப் பேப்பர் இல்லை, என் சொந்தப் பேப்பர்தான்.

நீ விழுந்தால் நீ தப்புச் செய்தாய் என்று ஆகும். நீ தப்புச் செய்தாய் என்று நான் நினைத்திருந்தால் உன் பையைத் தூக்கிக்கொண்டு இருட்டு விலகாத நேரத்தில் நடந்திருக்க மாட்டேன். நீ விழாவிட்டால், அம்மனுக்கும் நமக்கும் ஒன்றும் இல்லை என்று ஆகும். அதுவும் உண்மை இல்லை. உனக்குப் பெயர் வைத்ததே அவளிடம் கேட்டுத்தான். என்னைக் கேட்டால், விழ வேண்டியவள் நான். அதை யாரும் கேட்கவில்லை. கூட்டத்தில் என் பேச்சைச் சிரித்துத் தள்ளிவிட்டதால் எனக்குக் குற்றமும் இல்லாமல் போய்விட்டது. பொம்பளை அனுப்பினாள் என்றால் அது அனுப்பியதாகவே கணக்கில் வராது போலிருக்கிறது. இது எனக்கு வலித்ததா, தப்பித்தோம் என்று இருந்ததா? இரண்டும்தான்.

இன்னொன்று. உன் அப்பா செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கருகின காயிலைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார். பெரியம்மாவிடம் "மதுரைக்குப் போறேன்" என்று சொல்லியிருக்கிறார், என்னிடம் இல்லை. நேற்றுக் காலையில்தான் வந்தார். அருப்புக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலேயே காயில் கட்டுகிறவர் இருக்கிறார், வழக்கமாக அங்கேதான் கொடுப்போம். மதுரைக்கு எதற்கு? அதற்கு இரண்டு ராத்திரி எதற்கு? வந்தவர் குளித்தார், சாப்பிட்டார், மோட்டாரை இறக்கப் போய்விட்டார். சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் ஒரு டீக்கடை டோக்கன் இருந்தது. எழுத்து அழிந்திருந்தது. எந்த ஊர் என்று தெரியவில்லை.

எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது. புருஷனின் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இதையெல்லாம் உனக்கு எழுதலாமா என்றுகூடத் தெரியவில்லை. வேறு யாருக்கு எழுதுவேன்?

நீ வருவதைப் பற்றி இன்னும் ஒரு வாரம் பொறு. எனக்கே ஒரு தெளிவு வரட்டும். வராவிட்டால், தெளிவு வரவில்லை என்று எழுதுகிறேன்.

அம்மா


கோயம்புத்தூர்,
10.04.2025

அம்மா,

என் போன கடிதத்துக்கு நீ இன்னும் பதில் எழுதியிருக்கக்கூட மாட்டாய். அதற்குள் இதை எழுதுகிறேன், பொறுக்க முடியவில்லை. அப்பா நேற்று இங்கே வந்திருந்தார்.

காலையில் காவலாளி ஆய்வகத்துக்கு வந்து, "வேட்டி கட்டின ஒருத்தர், சாக்கு மூட்டையோட, முத்துப்பேச்சிங்கிறார்" என்றார். ஓடினேன். வாசலில் வேப்பமரத்துக்குக் கீழே நின்றுகொண்டிருக்கிறார், மோட்டார் காயிலைச் சாக்கோடு அணைத்துக்கொண்டு. "கம்பெனிக்கார ஊருல குடுத்தா நல்லாக் கட்டித் தருவாகன்னு வந்தேன். ஒரு நாளாகும்னாக" என்றார். கட்டிக் கொடுக்கக் கொடுத்துவிட்டால் காயில் எப்படி இன்னும் கையில் இருக்கும் என்று நான் கேட்கவில்லை.

உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். பயிற்சி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மதன்குமார் நாற்காலி போட்டான். அப்பா உட்காரவில்லை. மைதானக் கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார், வரப்பில் நிற்பாரே, அப்படி. ரோபோ ஒன்று இன்னொன்றின் மேல் மோதி முகம் குப்புற விழுந்தது. அது எழ முயல்வது பார்க்கப் பரிதாபமாக இருக்கும். கையை ஊன்றும், வழுக்கும், மறுபடி ஊன்றும். நாங்கள் ஏழு பேரும் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஏலே, மொக்கையன் எந்திரிக்கிறானான்னு பாரு" என்று மதன்குமார் கத்தினான்.

இங்கே உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் வருஷத்தில், அவரவர் வீட்டுப் பெரியவர்கள் பெயரையெல்லாம் சொல்லி விளையாடிக்கொண்டிருந்தோம். அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர் மொக்கையன் என்று நான் சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் முதல் ரோபோவுக்கு அதுதான் பெயர்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அடுத்த நிமிஷம் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்துக்குள் போய்விட்டார்.

"ஐயா, தொடக் கூடாதுங்க! ரூலு!"

"எந்த ஊரு ரூலு? எங்கய்யா பேர வச்சிருக்கீக. குப்புறக் கெடக்கான். ஆளுக்கொரு பக்கமா நின்னு வேடிக்கை பாக்குறீக."

இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தினார். முகத்தில் ஒட்டியிருந்த பச்சைத் தூசியைத் துண்டால் துடைத்தார். அது ஒரு கணம் நின்று, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, கோடுகளைத் தேடியது. பிறகு நடந்தது. எந்தப் பக்கம் நடக்கும் என்று அதன் காலையே பார்த்தேன். சரியான பக்கம்தான் நடந்தது, அம்மா. புதிதாக எழுதியது வேலை செய்கிறது என்று ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியாது. இனி ஒரு தடவை பார்த்து எதையும் சொல்ல மாட்டேன். ஆனாலும் நடந்தது.

பயல்கள் அப்பாவை விடவில்லை. காயிலைப் பிரித்துப் பார்த்து, எங்கே கருகியிருக்கிறது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மதன்குமார் தானே கூட்டிக்கொண்டு போய்க் கடையில் கொடுத்து, சாயங்காலத்துக்குள் கட்டி வாங்கியும் கொடுத்துவிட்டான்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனேன். காப்பு என்ற வார்த்தையையே அவர் எடுக்கவில்லை. நானே ஆரம்பித்தேன், "அப்பா, நான் வந்து விழுந்துர்றேன்" என்றேன். அவர் பஸ் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு விடிய, பஸ்ஸு வர்ற வரைக்கும் ஒங்கம்மா கூடவே இருந்தாளா?" என்று கேட்டார்.

"இருந்தாப்பா. பஸ்ஸு திரும்புற வரைக்கும் நின்னா."

"இருட்டுல தனியா விடலேல்ல?"

"இல்லப்பா."

"சரி" என்றார். பிறகு, "லீவு விட்டா வா. விழுறது, விழாதது, அதெல்லாம் வந்து பாத்துக்கிறலாம்" என்றார். மதுரை பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் டிரைவரையே பார்த்துக்கொண்டு போனார்.

இத்தனை நாளாக அவர் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாரா? முதல் பானையை இல்லையா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல் என்றும் சொல்லவில்லை. நான் சொல்லிவிட்டேன். நீ தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அல்லது காட்டிக்கொள். உன் இஷ்டம்.

பேச்சி


கருவேலங்குடி,
22.04.2025

அன்புள்ள பேச்சிக்கு,

நம் இருவர் கடிதங்களும் நடுவழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் சட்டைப்பையைப் பார்த்துப் புலம்பியதை நீ படிக்கும்போது உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

உன் கடிதத்தைப் படித்த அன்று எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது. அதற்குப் பின்னாலேயே ஒரு வருத்தம் வந்தது. கோயம்புத்தூர் வரைக்கும் போய் உன்னிடம் கேட்டவர், அடுப்படி வரைக்கும் வந்து என்னிடம் கேட்டிருக்கலாமே? நான் உன்னோடு நின்றேனா என்பதை என்னைக் கேட்டால் நான் சொல்ல மாட்டேனா? இப்படி அற்பமாக நினைக்கிறேனே என்று என் மேலேயே கோபமாகவும் இருக்கிறது. வீட்டில் நான் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மோட்டார் நன்றாக ஓடுகிறது, "நல்லாக் கட்டியிருக்காக" என்று பெரியம்மாவிடம் சொன்னேன், அப்பா காதில் விழும்படியாக. அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அதற்கு அர்த்தம் நீ சொல்.

காலையில் கவுண்டரில் கொஞ்சம் கூட்டம். ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு, "அடுத்து யாரு?" என்றேன். நிமிர்ந்தால் உன் அப்பா. தேங்காய்நார்க் கயிற்றால் கட்டின ஓர் அட்டைப்பெட்டி கையில். வரிசையில் நின்று வந்திருக்கிறார்.

"பார்சல் ஒண்ணு போடணும்" என்றார். கோயில் முன்னால் நடந்த அந்தக் கூட்டத்துக்குப் பிறகு என்னிடம் பேசுகிற முதல் வார்த்தை.

எழுந்திருப்பதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். "உள்ள என்ன இருக்கு? கேக்கணும், விதி" என்றேன்.

"சேவு. கடலமிட்டாயி. அந்தப் பயலுகளுக்கும் சேத்து."

பின்னால் நின்ற சீனிச்சாமி அண்ணனுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏன் காளீஸ்வரா, வீட்டுல குடுத்தா தங்கலட்சுமியே கொண்டாந்திருக்குமே. இங்க வந்து வரிசையில நிக்கிறே?"

"ஆபீசு வேலைய ஆபீசுல வச்சுத்தான் செய்யணும்" என்றார் உன் அப்பா. "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே, மூச்சு முட்டுது."

எடை போட்டேன். "பெறுநர்?" என்றேன். எனக்குத் தெரியாத விலாசமா? ஆனாலும் கேட்டேன். அவர் சொன்னார், உன் பெயர், விடுதி, அறை, கல்லூரி, பின்கோடு, ஒன்று விடாமல். அவர் எப்போது அதை மனப்பாடம் செய்தார்? எழுதி முடித்துவிட்டு, "அனுப்புநர் பேரு?" என்று கேட்டேன். அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் யாருமில்லை.

"ரெண்டு பேரு போடலாமா?"

"போடலாம்."

"அப்பப் போடு."

"யாரு பேர மொதல்ல?"

"நீதான எழுதுறே" என்றார்.

ரசீதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். சாயங்காலம் வீட்டில் பழையபடி பேச்சில்லை. ஆனால் சோற்றுக்கு உட்கார்ந்தவர், கையால் காட்டாமல், "போதும்" என்று வாயால் சொன்னார். இது சமாதானமா, இல்லை வெறும் போதுமா? நீ விழுந்து எழ வேண்டுமா வேண்டாமா என்பதற்கும் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை. வரவில்லை என்றால் எழுதுகிறேன் என்றேன், எழுதிவிட்டேன். லீவு விட்டதும் வா. மூன்று பேரும் உட்கார்ந்து குழம்பலாம்.

பெட்டி வந்ததும் எனக்கு ஒன்று எழுது. அனுப்புநர் என்ற இடத்தில் யார் பெயர் முதலில் இருக்கிறது என்று பார். நான் அப்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதினேன். எழுதியதைச் சரிபார்க்காமல் முத்திரை குத்திப் பையில் போட்டுவிட்டேன். எனக்கு ஞாபகம் இல்லை.

அம்மா